மீஞ்சூர் வரைக்கும்

இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவு காரின் விலையைத் தாண்டிவிட்டால், கோளாறு என்ன என்பது இரண்டாம்பட்சம். இன்னும் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதே முதல் கேள்வி. ராயபுரம் கல்மண்டபத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவே ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் பாய் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

"மீஞ்சூர் வரைக்கும் பாய். அத்தை வீட்டைக் காலி பண்ணிட்டு மக வீட்டுக்குப் போறாங்க. தையல் மிஷின், கிரைண்டர், பாத்திர மூட்டை. இறக்கிட்டு வண்டிய அங்கயே தள்ளிவிட்டுடலாம்னு பாக்கறேன்."

"திரும்பி வரணுமா?"

"வேணாம்."

"அப்ப முடியும்" என்று பானெட்டைத் தூக்கினார்.

கார் எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இந்த வயதில் எந்தக் கம்பெனிக் காரும் இப்படித்தான் இருக்கும். கார்புரேட்டர் காலத்து மூன்று சிலிண்டர் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே நீலப்புகை. பாய் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சத்தத்தைக் கேட்டார். பிடுங்கினால் இன்ஜின் தள்ளாட வேண்டும். கடைசி சிலிண்டரில் பிடுங்கியும் சத்தம் மாறவில்லை. அது எப்போதோ வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டிருந்தது. பிளக்கைக் கழற்றினால் முனை முழுக்கக் கறுப்புப் பசை. அந்தத் துளை வழியாக நாலு சொட்டு ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்த்தார், முள் ஏறியது. வால்வு போயிருந்தால் ஆயில் விட்டும் ஏறாது. ஏறியதால் குற்றவாளி ரிங். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து புஸ் புஸ்ஸென்று புகை வந்தது.

"வண்டி மூச்சு வுடுது பாருங்க. ரிங் போச்சு, போரும் தேஞ்சிருக்கு. இன்ஜின இறக்கி, போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா 35,000 ஆவும். வித்தா அதுகூட வராது."

விற்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சொந்தக் காரின் ஆர்.சி. பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆகியிருந்தது. மேற்கொண்டு பசுமை வரி, ஆய்வு, ஆய்வுக்காக டிங்கரிங், பெயின்ட். புகைச் சோதனையில் இந்த வண்டி தேறாது என்பது தெருவுக்கே தெரியும்.

பாய் செய்த வைத்தியத்தைச் சொல்ல வேண்டும். பழைய ஆயிலை இறக்கிவிட்டு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ50 ஊற்றினார். தேய்ந்த இடைவெளியில் மெல்லிய ஆயில் நிற்காமல் மேலே ஏறி எரிந்துவிடும், கெட்டி ஆயில் கொஞ்சம் தங்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிந்தார். ரேடியேட்டர் ஃபேன் சூடேறினால்தான் சுற்றும். அதன் சுவிட்சை விலக்கி ஒயரை 'டைரக்ட்' செய்தார், சாவியைத் திருப்பியது முதல் சுற்றிக்கொண்டே இருக்கும்படி. மேல் ஹோஸில் கசிவு இருந்தது. அது தாங்கட்டும் என்று ரேடியேட்டர் மூடியை முழுக்க இறுக்காமல் முதல் கட்டையிலேயே விட்டார், உள்ளே பிரஷர் ஏறாமல் இருக்க. "தண்ணி ஆவியாப் போவும், ஊத்திக்கினே போங்க. நாற்பதுக்கு மேல வேணாம். முள்ளு பாதிய தாண்டுச்சுன்னா ஹீட்டர் போடுங்க."

"ஹீட்டரா? சித்திரை மாசத்துலயா?"

"இன்ஜின் சூட்டுல பாதிய நீங்க வாங்கிக்கிறீங்க, அவ்ளோதான்."

இவற்றில் ஒன்றைக்கூட நல்ல வண்டிக்குச் செய்யக் கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், சீக்கிரம் தேயும். பிரஷர் இல்லாத ரேடியேட்டரில் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும். ஓயாமல் சுற்றும் ஃபேன் மோட்டார் எரிந்துபோகும். ஆனால் இந்தத் தீமைகள் எல்லாம் பலிப்பதற்கு மாதங்கள் வேண்டும். எங்கள் வண்டிக்கு வேண்டியதோ மீஞ்சூர். நாளைக்குக் கெடுதல் செய்யும் வைத்தியம், நாளை என்பதே இல்லாத வண்டிக்கு நல்ல வைத்தியம். பாயின் கணக்கில் ஓட்டை இல்லை. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டே அன்று வடசென்னையைப் பார்த்தேன். பார்க்கும் இடமெல்லாம் அதே கணக்காகவே தெரிந்தது.

விடிவதற்குள் கிளம்பினோம். பின்சீட்டை மடக்கி கிரைண்டரும் தையல் மிஷினும். முன்னால் அத்தை, மடியில் சாமி படம். காலடியில் தண்ணீர் கேன்கள், ஆயில் டப்பா, மாற்று பிளக், பிளக் ஸ்பானர், உப்புத்தாள், பழைய வேட்டித்துணி.

ராயபுரம் ரயில் நிலையத் தூண்களை விளக்கு வெளிச்சத்தில் கடந்தோம். 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. நிலையம் இன்னும் உழைக்கிறது. சென்னையின் முதல் கார் பதிவான எம்.சி.1-க்கும் இந்தப் பக்கத்துச் சொந்தம் உண்டு: அது துறைமுகத்தை நிர்வகித்த பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார். துறைமுகத்தின் நுழைவாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றிக் கட்டியவர் அவர். மூன்றாம் எண்ணை வாங்கியவர் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். அந்தக் கார்களின் மெக்கானிக்குகள் யார் என்பதை மட்டும் எந்த வரலாற்றிலும் காணோம்.

எண்ணூர் விரைவுச் சாலை என்பது பெயர். கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசைகட்டி நின்றால் நடந்து போகிறவர் நம்மைத் தாண்டிப் போவார். நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம், ஆனாலும் பொறுமையிழந்த டிரெய்லர்கள் நம் பக்கத்துக்கும் வந்து நிற்கும். சிலிண்டர் குறைவாக ஓடும் காருக்கு வேகத்தைவிட நிற்பதுதான் ஆபத்து. காற்று அடிக்காது, ரேடியேட்டர் தவிக்கும், ஐடிலில் பிளக்கில் ஆயில் படியும். நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் நீலப்புகை. ஒரு டிரெய்லர் டிரைவர் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, கொசு மருந்து வண்டியா?" என்றார். அவர் வண்டியின் சைலன்சர் விட்ட கரும்புகை என் காரை மூடியது. இருவரும் சிரித்துக்கொண்டோம்.

வலப்பக்கம் கடல் தெரியவில்லை. பாறைக் குவியல்தான் தெரிந்தது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். 1876-ல் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை மணல் வரத்து நின்று கடல் கரையை அரித்தது. வீடுகளும் தெருக்களும் போன பிறகு கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நிற்கும். கல் முடியும் இடத்துக்கு வடக்கே ஆரம்பிக்கும். அங்கேயும் கல். பாயின் ரேடியேட்டர் மூடி மாதிரிதான் இதுவும்: இந்த நேரத்துக்கு இந்த ஹோஸ் வெடிக்காமல் இருக்கட்டும். வித்தியாசம் என்னவென்றால், என் காருக்கு மீஞ்சூர் என்ற முடிவு இருந்தது. கரைக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது.

"இங்கதான் நாங்க நண்டு பொறுக்குவோம். மணல் அம்மாந்தூரம் இருந்துச்சு" என்றாள் அத்தை. கை காட்டிய இடத்தில் அலை பாறையில் மோதி ரோட்டுக்குத் தெறித்தது.

திருவொற்றியூரில் தேரடி அருகே நிறுத்தச் சொன்னாள். வடிவுடையம்மனுக்கு ஒரு கற்பூரம். இன்ஜினை அணைக்கவில்லை; சூட்டில் அணைத்தால் மறுபடி பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் காரிலேயே இருந்து முள்ளைப் பார்த்தேன், அவள் அம்மனைப் பார்த்துவிட்டு வந்தாள். மேலே மெட்ரோ ஓடியது. விம்கோ நகர் வரை வந்த இந்தப் பாதை 2021 பிப்ரவரியில் திறந்தது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் மெட்ரோ நிலையத்துக்குப் பெயராகி நிற்கிறது.

காருக்கு வேண்டிய எல்லாமே ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் கிடைத்தன என்று சொன்னால் மிகையாகாது. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது. 1961-ல் அதே ஊரில் டயர் தொழிற்சாலையானது. பெட்ரோலுக்கு மணலி சுத்திகரிப்பு ஆலை, 1969-லிருந்து. ரிங்கும் பிஸ்டனும் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். எல்லாவற்றுக்கும் மேலாக என்ஃபீல்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தது. 1970 வாக்கில் ரெடிச் கம்பெனி மூடிவிட்டது. தாய்வீடு இல்லாமல் போன பிறகும், அந்த 1955 ஆம் ஆண்டு வார்ப்பிரும்பு இன்ஜினையே அங்கே ஒட்டி இங்கே தட்டி, இந்த நூற்றாண்டிலும் பத்தாண்டு ஓட்டினார்கள். 2010 வாக்கில் மாசு விதிகள்தான் அதை நிறுத்தின. பழைய இன்ஜினின் கடைசி மைலைப் பிழிந்தெடுப்பதில் இந்த ஊருக்குக் கற்றுக்கொடுக்க யாருக்குத் தகுதி உண்டு?

எர்ணாவூரில் இடப்பக்கம் திரும்பினால் மணலி வழியாக மீஞ்சூர். அத்தை நேரே போகச் சொன்னாள். எண்ணூரைப் பார்க்க வேண்டும். மாமா அனல்மின் நிலையத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். முள் பாதியில் இருந்தது. கூடுதலாகச் சில கிலோமீட்டர். ஹீட்டரைப் போட்டேன்.

"அய்யே, இன்னாடா இது, அடுப்ப பத்த வச்சிட்ட!"

"இன்ஜின் சூட்டுல பாதிய நாம வாங்கிக்கணும் அத்தை."

"நான் வாங்கனது போதாதா?" என்று முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டாள். ஆனால் திரும்பச் சொல்லவில்லை. முள் மெல்ல இறங்கியது.

கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணூரை மறந்துவிடுகிறார்கள். ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் (அசோக் அவர் மகன் பெயர்), 1949-ல் எண்ணூரில் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே விட்டது. கடற்கரைச் சவுக்குக்கும் உப்பங்கழிக்கும் நடுவே சுதந்திர இந்தியாவின் ஆரம்பக்காலக் கார் தொழிற்சாலைகளில் ஒன்று. 1950-ல் லேலண்டுடன் ஒப்பந்தம். 1955-ல் பெயரே அசோக் லேலண்ட். கார் போய் லாரியும் பஸ்ஸும் வந்தன. இன்று காசிமேட்டு விசைப்படகுகளில் ஓடும் டீசல் இன்ஜின்களிலும் லேலண்ட் பெயர் இருக்கும். பாயின் கொட்டகையில் என் காருக்குப் பக்கத்தில் பிரித்துக் கிடந்ததும் அதில் ஒன்றுதான். படகு இன்ஜினுக்கு அவர் கடைசி மைல் வைத்தியம் செய்வதில்லை. "நடுக்கடல்ல நின்னா இறங்கித் தள்ள முடியாதுல்ல" என்றார்.

அனல்மின் நிலையத்தின் பக்கம் ஓரமாக நிறுத்தினேன். 1970-க்கும் 1975-க்கும் இடையே ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கிய ஐந்து யூனிட்டுகள், மொத்தம் 450 மெகாவாட். அனல்மின் நிலையத்துக்குச் சாதாரணமாக எழுதிவைக்கும் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு. இது நாற்பது தாண்டியும் ஓடி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது.

"கடைசில எல்லாம் எப்பவும் டியூப் லீக்தான்" என்றாள் அத்தை. கொதிகலனின் குழாய் ஓட்டையாவதை அவள் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நைட்டு ரெண்டு மணிக்கு ஆள் வரும். உங்க மாமா சைக்கிள எடுத்துக்கினு ஓடுவாரு. இத்தோட மூடிருவாங்க, இத்தோட மூடிருவாங்கன்னு சொல்லியே ரிட்டயர் ஆனாரு."

"முழு லோடுல ஓட்டுவாங்களா?"

"எங்க? ஏதோ ஒண்ணு ரெண்டு மிஷினு. கொறச்சி கொறச்சி ஓட்டுவாங்களாம். அதுவும் பாவம், வயசாயிடுச்சுல்ல."

நாற்பதுக்கு மேல் வேண்டாம் என்று பாய் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். அரை மணி நேரம் நின்றோம். காரும் ஆறியது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்றினேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தேன். அத்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகைப்படம் எடுக்கட்டுமா என்றேன். "எதுக்கு? அவரு இருக்கறப்ப எடுத்திருந்தாலாச்சும்" என்றாள்.

எர்ணாவூருக்கே திரும்பினோம். மணலி விரைவுச் சாலை, எம்.எஃப்.எல். சந்திப்பு, ஆண்டார்குப்பம் எல்லாம் லாரிப் புழுதியில் போயின. அங்கிருந்து டி.பி.பி. சாலை. எங்களுக்கு முன்னால் நீளக் கூண்டு லாரி ஒன்று, உள்ளே இரண்டு அடுக்காகப் புதுக் கார்கள். 2001-ல் திறந்து, பிறகு காமராஜர் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகிறவை. 2010 முதல் அங்கிருந்து கார்கள் கப்பலேறுகின்றன. ஓரகடத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்து, வெளிநாட்டுத் தெருவில் முதல் பெட்ரோல் குடிக்கப்போகிற கார்கள். எங்கள் வண்டி அந்த லாரியின் பின்னாலேயே ஓடியது. முந்த முடியவில்லை, முந்த வேண்டிய அவசியமும் இல்லை. அதன் பின்னால் போனால் காற்று எதிர்ப்பு குறைவு, இன்ஜினுக்கு லேசு.

நாப்பாளையத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் முள் சிவப்பைத் தொட்டது. ஹீட்டர் முழு வேகத்தில் இருந்தும் இறங்கவில்லை. ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தினேன். பானெட்டுக்குள் ஆவி. சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது, காத்திருந்தோம். ஹோஸ் கிளிப் அருகே கிழிந்திருந்தது. கிழிந்த முனையைப் பிளேடால் வெட்டித் தள்ளிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டி, மேலே ரப்பர் டியூப் பட்டையைச் சுற்றினேன்.

கேன்களில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடை அம்மாவிடம் கேட்டேன். "குழாய்த் தண்ணி வேணாங்க, உப்பு. இன்ஜினுக்கு ஆவாது" என்றார். மீஞ்சூர்ப் பக்கம் அதிகமாக உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் வெகுதூரம் உள்ளே வந்துவிட்டது. இது ஐம்பது ஆண்டுக்கு மேலான கதை. அதே ஊரின் பெயரில்தான் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை 2010-ல் தொடங்கியது. கடையில் டீக்கு வைத்திருந்த இருபது லிட்டர் கேனிலிருந்து காசு கொடுத்து வாங்கி ஊற்றினேன். மனிதர் குடிக்க வாங்கிய தண்ணீரை ரேடியேட்டர் குடித்தது.

டீ குடித்தபடி ஆற்றைப் பார்த்தேன். கழிமுகத்தை நெருங்க நெருங்க இந்த ஆறு ஆழம் குறைந்துகொண்டே போகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகி, உப்பங்கழியில் சாம்பல் படிந்து, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழியில் படகும் வலையும் கறுத்தன. குழாய் ஒழுகினால் ஒட்டு, மறுபடி ஒழுகினால் இன்னொரு ஒட்டு. என் ஹோஸில் சுற்றிய ரப்பர் பட்டை அதைவிட யோக்கியமானது என்று தோன்றியது. அது வல்லூரைத் தாண்டிப் பத்து நிமிஷம் பிடித்தால் போதும்; பிறகு அதை நம்பி ஒரு மீன்கூட இருக்கப்போவதில்லை.

பிடித்தது. வல்லூரில் கடைசி சிலிண்டர் மறுபடி வேலையை நிறுத்த, மிச்ச இரண்டில் தள்ளாடிக்கொண்டு மீஞ்சூர்த் தெருவுக்குள் நுழைந்தோம். அத்தை மகள் வாசலில் நின்று, "வண்டி வர்ற சத்தம் பொன்னேரி ரோட்லயே கேட்டுச்சு" என்றாள்.

சாமான் இறங்கியதும் காயலான் கடைக்காரரை வரவழைத்தார்கள். பானெட்டைத் திறக்கவே இல்லை அவர். டயரை உதைத்துப் பார்த்தார், பேட்டரி எப்போது மாற்றியது என்று கேட்டார், குனிந்து அடிப்பலகையைத் தட்டினார். கடல் காற்று அதில் பாதியைத் தின்றிருந்தது. ஆர்.சி.யை ரத்து செய்ய சேசிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி என்னிடமே தருவதாகச் சொன்னார். 21,000 என்றார். கொஞ்சம் பேசி 22,000-க்கு முடிந்தது.

"ஓடுதா?" என்றார் கிளம்பும்போது.

"ராயபுரத்துலேர்ந்து ஓடித்தான் வந்துச்சு."

"அப்ப கடை வரைக்கும் ஓட்டிக்கினு வந்துடுங்க. இழுத்துக்கினு போற வண்டிக்கு 1,500 கேப்பான். உங்களுக்கு 500 சேத்துத் தர்றேன்."

டப்பாவில் இன்னும் கொஞ்சம் ஆயில் இருந்தது. எண்ணூறு கேட்டேன். எழுநூறுக்கு ஒத்துக்கொண்டார்.